நோய் இல்லை, பயம் உண்டு

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், பெரியம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். இதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு, ரத்தப் பரிசோதனையில் பிஆர்சிஏ-1 மரபணுவில் கேடான மாற்றம் இருப்பது தெரியவருகிறது. உடம்பில் கட்டி இல்லை, வலி இல்லை. "அதான் ஒண்ணுமில்லையே, எதுக்கு இப்படி மருகுறே?" என்கிறார்கள் வீட்டில். நோயாளிக்குக் கிடைக்கும் ஆதரவுகூட இவளுக்குக் கிடைப்பதில்லை. தூக்கம் மட்டும் போய்விடுகிறது.

எண்ணிக்கை எப்படிக் காதில் விழுகிறது?

சேதமடைந்த டிஎன்ஏவைச் சீர்செய்ய உதவுபவை பிஆர்சிஏ மரபணுக்கள். 1994-ல் பிஆர்சிஏ-1, அடுத்த ஆண்டு பிஆர்சிஏ-2 அடையாளம் காணப்பட்டன. இவற்றில் கேடான மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். சினைப்பைப் புற்றுநோய்க்கு முதல் மரபணுவில் சுமார் 44, இரண்டாவதில் சுமார் 17 சதவீதம். கலங்கிய மனத்துக்கு இந்த 70 நூறாகவே கேட்கிறது. அதனால் பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபியல் ஆலோசகரோடு நிதானமாகப் பேசுவது அவசியம். சில மாற்றங்கள் கெடுதலானவையா என்பதே இன்னும் தெளிவாகவில்லை. அப்படியொரு முடிவு கையில் வந்தால், அதை மட்டும் வைத்து அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படக் கூடாது.

அம்மாவின் வயதை எட்டும்போது

முடிவு வந்த புதிதில் இருக்கும் பதற்றம் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தணிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஸ்கேன் தேதி நெருங்கும்போதும் அது தலைதூக்கும். அம்மாவுக்கு நோய் கண்ட வயதைத் தானும் எட்டும் ஆண்டு இன்னும் கடினம். சிறுவயதிலேயே தாயை இழந்தவர்கள், முன்பே மனச்சோர்வு கண்டவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் துணை வேண்டும். 'எனக்கு இல்லை' என்று தெரிந்த தங்கையும் நிம்மதியாக இருந்துவிடுவதில்லை. அக்காவுக்கு இருக்கிறதே என்ற குற்றவுணர்வு அவளையும் வாட்டும்.

பழி ஏன் பெண் மேல்?

பெற்றோரில் ஒருவரிடம் இந்த மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒருவர் அப்பாவாகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவர் கேட்கும்போது அம்மா வழியைச் சொல்கிறார்களே தவிர, அத்தைக்கு வந்த புற்றுநோயைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 'உன் வம்சத்து நோய்' என்ற சொல்லும் மருமகள் மேல்தான் விழுகிறது. அறிவியலிலும் நியாயத்திலும் அதற்கு இடமில்லை. பெண்ணின் கல்யாணம் தடைபடும் என்று இதை மூடிமறைக்கும் பெற்றோரின் பயம் புரிகிறது. ஆனால் அந்த மௌனத்தால் சித்தி மகளோ அத்தை மகளோ உரிய காலத்தில் பரிசோதனை செய்துகொள்ளும் வாய்ப்பை இழக்கக்கூடும். அண்ணன் தம்பிகளுக்கும் சொல்ல வேண்டும். பிஆர்சிஏ-2 மாற்றம் ஆண்களுக்குப் புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

தாயை 56 வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த நடிகை ஏஞ்சலினா ஜோலி, மார்பகங்களை அகற்றிக்கொண்டதை 2013-ல் வெளிப்படையாக எழுதினார். அந்தத் துணிச்சல் பலரின் கண்ணைத் திறந்தது. ஆனால் எல்லோருக்கும் அதுவே வழி அல்ல. ஆண்டுதோறும் எம்ஆர்ஐயும், 30 வயதுக்குப் பிறகு மேமோகிராமும் எடுத்துக் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட வழிதான். சினைப்பைக்கு அப்படி நம்பகமான கண்காணிப்பு இல்லை. ஆகவே பிள்ளைப்பேறு முடிந்தபின் அதை அகற்றச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ-1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள். அதன்பின் மாதவிடாய் ஒரேயடியாக நின்றுவிடும். திடீர் உடற்சூடு, எரிச்சல், தாம்பத்தியத்தில் நாட்டமின்மை எல்லாம் வரலாம். இவை ஹார்மோன் குறைவால் வருபவை. மனபலம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் நிவாரணம் உண்டு. கணவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.

யாரிடம் பேசுவது?

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். 1954-ல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் மனநல ஆலோசனைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி-மானஸ் எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பிள்ளைகளுக்கு 18 வயதுக்கு முன் இந்த மரபணுப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் மகள் கேட்கும்போது அவள் வயதுக்குப் புரியும் அளவில் உண்மையைச் சொல்லுங்கள். வேண்டுமானால் ஆலோசகரை வைத்துக்கொண்டே சொல்லலாம்.