வலி மாத்திரைப் போதை: வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்



டபென்டடால் என்ற கடும் வலி மாத்திரையைப் பையன்கள் போதைக்காக வாங்குவதும், ஊசியில் ஏற்றிக்கொள்வதும், போலீசார் அதைப் பறிமுதல் செய்வதும் கோவைப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தியாகிவிட்டது. கடையில் கிடைக்கும் மாத்திரைதானே என்று எண்ண வேண்டாம். அபின், ஹெராயின் வகையைச் சேர்ந்தது அது.

நிறுத்தினால் மூக்கொழுகும், கொட்டாவி வரும், உடம்பு முறுக்கி வலிக்கும், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் தணியும். சில வீடுகளில் அறையில் பூட்டிவைத்து இந்த வாரத்தைக் கடத்திவிட்டு, 'பையன் தெளிஞ்சுட்டான்' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபத்தே அதற்குப் பிறகுதான். பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்புக்குப் போயிருக்கும். அதே அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

இதற்கு பூப்ரினார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். ஏக்கத்தையும் வலியையும் அடக்கும், வேலைக்குப் போகலாம். ஆனால் பழைய போதை உடம்பில் இருக்கும்போதே போட்டால் அவஸ்தை கூடும், அதனால் முதல் மாத்திரை டாக்டர் சொல்லும் நேரத்தில்தான். நால்ட்ரெக்ஸோன் இன்னொரு வழி. அதற்கு ஏழு முதல் பத்து நாளாவது எதையும் தொடாமல் இருந்திருக்க வேண்டும். ஊசி போட்டவர்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனையும் அவசியம்.

'போதைக்குப் போதையா? ஹராம் இல்லையா?' என்று அத்தாமார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆலிமிடம் கேட்கப் போகும்போது டாக்டர் சீட்டையும் கொண்டு போங்கள். மயக்கத்துக்காக எடுப்பதும் சிகிச்சைக்காக அளந்து கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டே மாதத்தில் நிறுத்தச் சொல்லி வீட்டார் நெருக்குவதால் மறுபடி விழுந்தவர்கள் உண்டு. பலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தேவைப்படும். பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை மருந்து என்பதால், ரமலானில் நோன்பு திறந்தபின் எடுக்கலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. அப்படிச் செய்யும் 'மறுவாழ்வு மையம்' எதற்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். இலவச உதவி எண்கள்: 14446, 14416.

மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்பியும் எழாவிட்டால் உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன மாத்திரை எடுத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.