விஞ்ஞானக் கதைகளில் மானிட இயல்பு

ஒருவர் தொடங்கிய கதையைப் பலர் தொடர்ந்து வளர்க்குங்கால், பின்வந்தோர் முன்னதற்குப் புதுப்பொருள் கற்பித்தல் இயல்பேயாம். அப்புதுப்பொருள் மூலக்கதையின் உயிர்நாடியைக் காக்குமோ, கெடுக்குமோ என்பதே வினா. இதனை ஆராய்வதற்கு, அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பிறந்த "ஸ்டார் ட்ரெக்" என்னும் விஞ்ஞானக் கதைத் தொடரை எடுத்துக்கொள்வோம்.

ஜீன் ராடன்பெரி என்பார் 1966-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். வியத்நாம் யுத்தமும் அணுகுண்டைப் பற்றிய அச்சமும் உலகை வாட்டிய காலம் அது. எனினும் அவர் காட்டிய எதிர்கால மாந்தர் தம்முட் போரையும் நிறபேதத்தையும் ஒழித்து, பிற கிரகத்தாரோடு கூட்டாட்சி அமைத்து வாழ்ந்தனர். ஆபிரிக்கப் பெண்மணியும், பின்னர் வந்த ருஷ்ய வாலிபரும், அமெரிக்கத் தலைவரோடு ஒரே விண்கப்பலிற் பணிபுரிந்தனர்.

ராடன்பெரி 1991-இற் காலமானார். 1993 முதல் 1999 வரை நிகழ்ந்த "டீப் ஸ்பேஸ் நைன்" என்னும் கிளைத்தொடர், பெரும்போர் மூண்டபொழுது அம்மாந்தர் எங்ஙனம் ஒழுகுவர் என்பதை ஆராய்ந்தது. 1998-இல் வெளியான ஒரு பகுதியில், கூட்டாட்சி தோன்றிய நாள்தொட்டே "முப்பத்தொன்றாம் பிரிவு" என்னும் இரகசியக் கூட்டத்தார் சட்டத்திற்குப் புறம்பாக நின்று அதனைக் காத்து வந்தனர் எனக் கூறப்பட்டது. இவ்வொரு செய்தியால் பழங்கதை முழுவதும் வேறு பொருள் கொண்டது. முன்னர்க் கண்ட அறமெல்லாம் மறைவான பாவங்களின்மேல் எழுப்பப்பட்டதோ என்னும் ஐயம் எழுந்தது.

ஆயினும் அத்தொடரின் முடிவை நோக்குதல் வேண்டும். பகைவராகிய உருமாறும் இனத்தாரை வேரறுக்க, அக்கூட்டத்தார் அவர்களிடையே கொடிய நோயொன்றைப் பரப்பினர். மருத்துவராகிய பஷீர் அக்கூட்டத்தாரை எதிர்த்து நின்று, அந்நோய்க்கு மாற்று மருந்தை அறிந்தார். பகைவர் இனத்திற் பிறந்தும் கூட்டாட்சியார் பக்கம் நின்ற ஓடோ என்பான், பகைத்தலைவியின் நோயைத் தீர்த்தான். அவள் தன் படையைச் சரணடையுமாறு பணித்தாள். நஞ்சு முடிக்காத போரை மருந்து முடித்தது.

ஆகவே, இப்புதுப்பொருள் பழைய இலட்சியத்தை அழிக்கவில்லை. அதனைச் சோதனைக்கு உட்படுத்திற்று. நன்மை எதிர்கால மாந்தரின் பிறவிக்குணமன்று, அவர் நாடோறும் தெரிந்துகொள்ளும் நெறி என்பது அதனால் விளங்கிற்று. பின்னர், 2025-இல், அவ்விரகசியக் கூட்டத்தாரையே கதைத்தலைவராக்கி ஒரு படம் வெளிவந்தது. மானிட இழுக்கைக் காட்டுதல் குற்றமன்று. அவ்விழுக்கின்றி நன்மை நிலவாது என்று கற்பித்தலே மூலக்கதைக்குச் செய்யும் துரோகம். இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் கதை கற்போர்க்கு மட்டுமன்று, நாட்டின் பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணாக்கர் அனைவர்க்கும் வேண்டிய பயிற்சியாம்.