சிறு தீவு நாடுகளில் காலநிலை மாற்றமும் சுகாதார முறைமையும்

காலநிலை மாற்றத்தால் ஏற்படும் சூறாவளி, வெள்ளம், வறட்சி, கடல் மட்ட உயர்வு, நோய்ப் பரவல் ஆகியவற்றைத் தாங்கி, அவற்றின் நடுவிலும் தொடர்ந்து இயங்கி, பாதிப்பிலிருந்து விரைவில் மீளக்கூடிய சுகாதார முறைமை, காலநிலைத் தாங்குதிறன் கொண்ட சுகாதார முறைமை எனப்படுகிறது. பசிபிக் பெருங்கடல், கரிபியன் கடல், இந்தியப் பெருங்கடல் ஆகியவற்றில் உள்ள சிறு தீவு நாடுகளுக்கு இது மிக இன்றியமையாததாகக் கருதப்படுகிறது. உலகின் பைங்குடில் வளிம வெளியேற்றத்தில் இந்நாடுகளின் மொத்தப் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அதன் விளைவுகளை முதலில் எதிர்கொள்ளும் நாடுகளில் இவையும் அடங்கும்.

பின்னணி

1992 இல் இரியோ டி செனீரோ நகரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல், வளர்ச்சி மாநாட்டில் வளரும் சிறு தீவு நாடுகள் தனி வகையாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. இன்று ஐக்கிய நாடுகள் அவையின் பட்டியலில் இத்தகைய 39 நாடுகள் உள்ளன. பிஜி, வனுவாட்டு, துவாலு, கிரிபட்டி, மாலைத்தீவுகள், மொரிசியசு, டொமினிக்கா, பார்படோசு ஆகியன அவற்றுட் சில.

இந்நாடுகள் தம்முள் பெரிதும் வேறுபட்டாலும், சுகாதாரத் துறையில் சில பொதுவான நலிவுகளைக் கொண்டுள்ளன. அவையாவன:

* நிலப்பரப்பு சிறிது. மருத்துவமனை, சாலை, துறைமுகம், மின் நிலையம் ஆகியன பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே அமைந்துள்ளன.
* மக்கள் பல தீவுகளில் சிதறி வாழ்கின்றனர். கிரிபட்டியின் தலைநகரப் பகுதியான தெற்குத் தராவாவுக்கும், அதே நாட்டின் கிரித்திமாத்தி தீவுக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் உள்ளது.
* உயர் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை பெரும்பாலும் ஒன்றே. துவாலுவில், தலைநகர் புனாபுட்டியில் உள்ள மருத்துவமனையே நாட்டின் ஒரே மருத்துவமனை.
* மருந்து, எரிபொருள், உணவு ஆகியவற்றின் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்படுகின்றது.

பெரிய நாடொன்றில் ஒரு மாவட்ட மருத்துவமனை செயலிழந்தால் நோயாளிகளை அடுத்த மாவட்டத்திற்கு அனுப்பலாம். ஒரே மருத்துவமனை உள்ள தீவு நாட்டில் அதற்கு வழியில்லை. ஆகவே இங்கு ஒரு கட்டடத்தின் கூரை பறிபோவதும் நாடு தழுவிய நெருக்கடியாக மாறக்கூடும்.

உடல்நலத்தின் மீதான தாக்கங்கள்

குடிநீர்

தாழ்வான பவளத்தீவுகளில் மழைநீர் மண்ணுள் இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. கடல் அலைகள் கரை தாண்டி வரும்போதும், வறட்சியின்போதும் இப்படலம் உவர்ப்பாகிவிடுகிறது. 2011 இல் நீண்ட வறட்சி காரணமாகத் துவாலு நெருக்கடி நிலையை அறிவித்தது. நியூசிலாந்து முதலான நாடுகள் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகளை அனுப்பி உதவின.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களை நம்பியிருப்பதிலும் இடர் உண்டு. 2014 டிசம்பரில் மாலைத்தீவுகளின் தலைநகர் மாலேயில் அத்தகைய நிலையமொன்றில் தீ விபத்து ஏற்பட்டபோது நகரில் குடிநீர் வழங்கல் தடைப்பட்டது. இந்தியா வானூர்திகளிலும் கப்பல்களிலும் குடிநீர் அனுப்பியது. இவ்விபத்து காலநிலையால் நேர்ந்ததன்று. எனினும் ஒரே மூலத்தை நம்பியிருக்கும் தீவின் நிலையை இது காட்டியது.

தொற்று நோய்கள்

வெள்ளத்திற்குப் பின் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் ஆகியன பரவுகின்றன. 2012 இல் பிஜியின் மேற்குப் பகுதியில் ஏற்பட்ட வெள்ளங்களைத் தொடர்ந்து எலிக்காய்ச்சல் பெருமளவில் பரவியது. 2014 ஏப்ரலில் சாலமன் தீவுகளின் தலைநகர் ஓனியாராவில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கு நோய் பரவியது.

டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு தேங்கிய நன்னீரில் பெருகுகிறது. மழை மிகுந்தால் மட்டுமன்றி, வறட்சியிலும் இந்நோய் பரவக்கூடும். வறட்சிக் காலத்தில் மக்கள் தொட்டிகளிலும் பீப்பாய்களிலும் நீரைச் சேமிப்பதே இதற்குக் காரணம். எனவே மழைநீர்த் தொட்டிகளை வழங்கும் திட்டங்கள், அவற்றை மூடி வைப்பதற்கான ஏற்பாட்டையும் உள்ளடக்க வேண்டியுள்ளது.

உணவும் நீண்டகால நோய்களும்

பவளப்பாறை மீன்களை உண்பதால் ஏற்படும் சிகுவாட்டெரா நச்சேற்றம் பசிபிக், கரிபியன் தீவுகளில் அறியப்பட்ட நோயாகும். பாறைகளில் படியும் நுண்பாசிகள் உண்டாக்கும் நஞ்சு, உணவுச் சங்கிலி வழியே பெரிய மீன்களில் சேர்கிறது. சமைப்பதால் இந்நஞ்சு அழிவதில்லை. கடல்நீர் வெப்பமடைவதும் பவளப்பாறைகள் சிதைவதும் இந்நுண்பாசிகள் பரவ வாய்ப்பளிக்கின்றன.

உப்பேறிய நிலத்தில் பயிர் குறையும்போதும், மீன்வளம் குறையும்போதும் மக்கள் இறக்குமதி செய்யப்பட்ட அரிசி, மாவு, சர்க்கரை, தகரத்தில் அடைத்த உணவுகளை மேலும் நாடுகின்றனர். பசிபிக் தீவுகள் பலவற்றில் நீரிழிவு நோய் ஏற்கெனவே உலகிலேயே மிக உயர்ந்த அளவில் உள்ளது. இன்சுலின், டயாலிசிசு ஆகியவற்றைச் சார்ந்திருக்கும் நோயாளிகள் மின்சாரம் தடைப்படும்போது பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

சுகாதார முறைமை பாதிக்கப்பட்ட நிகழ்வுகள்

2015 மார்ச்சு மாதத்தில் பாம் சூறாவளி வனுவாட்டுவைத் தாக்கியது. தலைநகர் போர்ட் விலாவின் மைய மருத்துவமனை சேதமடைந்தது. ஏறத்தாழ 80 தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டதால், வெளித்தீவுகளின் நிலையை அறிவதற்கே சில நாட்கள் ஆயின.

2017 செப்டம்பர் 18 இல் மரியா சூறாவளி டொமினிக்காவைத் தாக்கியது. தலைநகர் ரோசோவில் உள்ள முதன்மை மருத்துவமனை கடும் சேதமடைந்தது. நாட்டின் மொத்த இழப்பு ஏறத்தாழ 130 கோடி அமெரிக்க டாலர்கள் என மதிப்பிடப்பட்டது. இது 2016 ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் 226 விழுக்காடு ஆகும்.

அதே சூறாவளி, அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரிக்கோவையும் தாக்கியது. அங்கு முதலில் 64 இறப்புகளே அதிகாரப்பூர்வமாகப் பதிவாயின. பின்னர் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் அடிப்படையில் 2018 ஆகத்தில் இவ்வெண்ணிக்கை 2,975 என மாற்றப்பட்டது. காற்றாலும் வெள்ளத்தாலும் நேரடியாக இறந்தவர்களைக் காட்டிலும், அடுத்து வந்த மாதங்களில் இறந்தவர்களே மிகுதி. மின்சாரமும் மருத்துவ வசதியும் நெடுநாள் தடைப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் இதற்கு முக்கிய காரணங்களாகச் சுட்டுகின்றனர். சூறாவளியின் உண்மையான உயிரிழப்பைச் சுகாதார முறைமையின் நிலையே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

வலுப்படுத்தும் வழிமுறைகள்

மருத்துவமனைக் கட்டடங்கள்

பான் அமெரிக்க சுகாதார அமைப்பு, ஐக்கிய இராச்சியத்தின் நிதியுதவியுடன் கரிபியன் நாடுகளில் "சிமார்ட் மருத்துவமனை" என்னும் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பேரிடரைத் தாங்கும் பாதுகாப்பும், எரிபொருள், நீர் ஆகியவற்றின் சிக்கனமும் ஒருங்கே அமைந்த மருத்துவமனையே இப்பெயரால் குறிக்கப்படுகிறது. கூரையை வலுப்படுத்தல், காற்றைத் தாங்கும் சாளரங்கள், மழைநீர்த் தொட்டிகள், சூரிய மின்கலங்கள், மாற்று மின்னாக்கிகள் ஆகியன இதில் அடங்கும்.

முதன்முதலில் சீரமைக்கப்பட்டவற்றுள் செயின்ட் வின்சென்ட் தீவின் ஜார்ஜ்டவுன் மருத்துவமனையும் ஒன்று. 2013 டிசம்பரில் அத்தீவு கடும் மழை வெள்ளத்தால் பாதிக்கப்பட்டபோதும் இம்மருத்துவமனை தொடர்ந்து இயங்கியது. சீரமைப்புக்குப் பின் இதன் மின் நுகர்வு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. இத்திட்டம் பின்னர் டொமினிக்கா, கிரெனடா, யமேக்கா, செயின்ட் லூசியா உள்ளிட்ட 7 நாடுகளுக்கு விரிவாக்கப்பட்டது.

நோய்க் கண்காணிப்பும் முன்னெச்சரிக்கையும்

ஆய்வுக்கூட வசதி குறைந்த தீவுகளில் நோயை உறுதிப்படுத்தும் வரை காத்திருக்க இயலாது. ஆகவே 2010 இல் பசிபிக் தீவுகளில் அறிகுறி சார்ந்த கண்காணிப்பு முறை ஏற்படுத்தப்பட்டது. சொறியுடன் கூடிய காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல் போன்ற நோய், நீடித்த காய்ச்சல் ஆகியவற்றின் எண்ணிக்கையை மருத்துவ நிலையங்கள் வாரந்தோறும் அறிவிக்கின்றன. எண்ணிக்கை வழக்கத்தை மீறினால் விசாரணை தொடங்கும்.

கரிபியனில் 2017 முதல் வானிலை, சுகாதார நிறுவனங்கள் இணைந்து உடல்நல காலநிலை அறிக்கையை வெளியிட்டு வருகின்றன. வரும் மாதங்களின் மழை, வெப்பம், வறட்சி பற்றிய கணிப்புகளும், அவற்றால் கொசுவழி நோய்கள், வெப்பத் தாக்கம், மூச்சு நோய்கள் ஆகியன எவ்வாறு மாறக்கூடும் என்பதும் அதில் இடம்பெறுகின்றன.

மருந்தும் பணியாளரும்

சூறாவளிப் பருவத்திற்கு முன்பே வெளித்தீவுகளில் மருந்துகளைச் சேமித்து வைத்தல், தடுப்பூசிகளுக்குச் சூரிய ஒளியில் இயங்கும் குளிர்ப்பதனப் பெட்டிகளை வழங்கல் ஆகியன எளிய, பயன்மிக்க வழிகளாகும். 2018 டிசம்பரில் வனுவாட்டுவின் எரோமங்கோ தீவில் ஆளில்லா வானூர்தி மூலம் தடுப்பூசிகள் கொண்டு செல்லப்பட்டன.

வெளித்தீவுகளில் ஒரு செவிலியரே முழு மருத்துவ நிலையத்தையும் நடத்துவது வழக்கம். இவர்களைப் பயிற்றுவிப்பதும் தக்கவைப்பதும் கடினமாக உள்ளது. 1885 இல் தொடங்கப்பட்ட பிஜி மருத்துவப் பள்ளி, பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் மருத்துவர்களை உருவாக்கி வருகின்றது. ஆயினும் பயிற்சி பெற்ற பலர் ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்கின்றனர்.

பன்னாட்டு முயற்சிகள்

உலக சுகாதார அமைப்பு 2015 இல் காலநிலைத் தாங்குதிறன் கொண்ட சுகாதார முறைமைகளுக்கான செயற்சட்டகத்தை வெளியிட்டது. தலைமை, பணியாளர், இடர் மதிப்பீடு, நிதி முதலிய 10 கூறுகளை அது வகுத்தது. 2017 செப்டம்பரில் மாலேயில் கூடிய தென்கிழக்காசிய நாடுகள் இது தொடர்பான மாலே அறிவிப்பை வெளியிட்டன. மாலைத்தீவுகளுடன் இந்தியாவும் இலங்கையும் அக்கூட்டத்தில் அடங்கும்.

அதே ஆண்டு நவம்பரில் பிஜியின் தலைமையில் ஜெர்மனியின் பான் நகரில் நடைபெற்ற காலநிலை மாநாட்டில், சிறு தீவு நாடுகளுக்கான சிறப்பு முனைப்பை உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 2030 க்குள் எல்லாச் சிறு தீவு நாடுகளும் காலநிலையைத் தாங்கும் சுகாதார முறைமையைப் பெற வேண்டும் என்பது இதன் இலக்கு.

நிதியும் விமர்சனங்களும்

கரிபியன் நாடுகள் 2007 இல் கூட்டுப் பேரிடர்க் காப்பீட்டு நிதியத்தை அமைத்தன. காற்றின் வேகம், மழையின் அளவு போன்றவற்றை அடிப்படையாகக் கொண்டு விரைவாகப் பணம் வழங்குவது இதன் சிறப்பு. எனினும் மரியா சூறாவளிக்குப் பின் டொமினிக்கா பெற்ற தொகை ஏறத்தாழ 1.9 கோடி டாலர்கள் மட்டுமே. 130 கோடி டாலர் இழப்புக்கு முன் இது சிறு தொகையாகும்.

தனிநபர் வருமானம் ஓரளவு உயர்ந்திருப்பதால் பல தீவு நாடுகள் சலுகைக் கடன்களைப் பெறும் தகுதியை இழக்கின்றன. ஒரே நாளில் நாட்டின் ஆண்டு வருமானத்தையும் மீறிய இழப்பு நேரக்கூடிய நாட்டை வருமானத்தால் மட்டும் அளவிடுவது பொருந்தாது என்பது இந்நாடுகளின் வாதம். இதனையொட்டி, பாதிப்புக்கு உள்ளாகும் தன்மையை அளவிடும் பன்முகச் சுட்டெண்ணை ஐக்கிய நாடுகள் பொது அவை 2024 இல் ஏற்றுக்கொண்டது.

தகவமைப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பது மற்றொரு கருத்து. மருத்துவமனையை உயரமான இடத்திற்கு மாற்றுவது மலைத்தீவான டொமினிக்காவில் இயலும். மிக உயர்ந்த இடமும் ஏறத்தாழ 5 மீட்டரைத் தாண்டாத துவாலுவில் அத்தகைய இடம் இல்லை. ஆகவே சுகாதார முறைமையை வலுப்படுத்துவது, பைங்குடில் வளிம வெளியேற்றத்தைக் குறைப்பதற்கு மாற்றாகாது என இந்நாடுகள் தொடர்ந்து வலியுறுத்தி வருகின்றன.

இவற்றையும் பார்க்க

* புவி சூடாதல்
* கடல் மட்ட உயர்வு
* டெங்கு காய்ச்சல்
* உலக சுகாதார அமைப்பு
* பவளத்தீவு