ஒரு சிற்பம், மூன்று மினுமினுப்பு



இத்தாலியின் பழைய தேவாலயங்களில், மரத்தில் செதுக்கித் தங்கம் ஒட்டிய தேவதைகளையும் இலைக்கொடிகளையும் பார்க்கலாம். 17, 18-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களிலிருந்து உடைந்த துண்டுகளை இன்று சில கலைஞர்கள் தேடி எடுத்து, முத்தும் ஸ்படிகமும் பதித்து அழகுபடுத்துகிறார்கள். அப்போது ஒரே பொருளில் தங்கம், முத்து, ஸ்படிகம் மூன்றும் மின்னும். ஆனால், மின்னுவதற்கான காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு!

தங்கம்

மரத்தின்மேல் ஜிப்சம் மாவும் பசையும் கலந்து பல தடவை பூசுவார்கள். அதன்மேல் செந்நிறக் களிமண் பூச்சு. அதை ஈரமாக்கித் தங்க ரேக்கை ஒட்டுவார்கள். சுமார் 10,000 ரேக்குகளை அடுக்கினால்தான் 1 மில்லிமீட்டர் உயரம் வரும், அவ்வளவு மெல்லியது! பிறகு வழவழப்பான அகேட் கல்லால் தேய்த்தால் பளபளக்கும். தங்கம் நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு, மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அந்தப் பொன்னிறம்.

முத்து

சிப்பிக்குள் கால்சியம் கார்பனேட் தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து முத்தாகின்றன. ஒரு தகட்டின் கனம் மில்லிமீட்டரில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், சோப்புக் குமிழியில் ஓடுவதைப் போலவே முத்திலும் வண்ணச் சாயல் ஓடுகிறது. உருண்டையாக வளராத கோணல் முத்திலும் இதே அழகு உண்டு.

ஸ்படிகம்

இது மணலில் உள்ள அதே சிலிக்கன் டை ஆக்சைடு. இதன் வழியே ஒளி நுழைந்து, வளைந்து, தட்டையான முகங்களில் பட்டுத் தெறிக்கிறது. சிறிதோ பெரிதோ, எல்லா ஸ்படிகங்களிலும் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை. டென்மார்க்கில் பிறந்து இத்தாலியில் ஆய்வு செய்த நிக்கோலஸ் ஸ்டெனோ, 1669-இல் ஃப்ளாரன்ஸில் வெளியிட்ட நூலில் இதைக் காட்டினார். அணுக்கள் எப்போதும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்படுவதே இதற்குக் காரணம்.

செய்து பாருங்கள்!

முட்டை ஓட்டை வினிகரில் போடுங்கள். குமிழிகள் கிளம்பும். ஓட்டிலும் முத்திலும் இருப்பது கால்சியம் கார்பனேட். அமிலம் அதை அரித்துவிடும். எனவே முத்தை வினிகராலோ எலுமிச்சைச் சாற்றாலோ துடைக்கவே கூடாது. தண்ணீர் பட்டால் தங்க ரேக்குக்கு அடியில் உள்ள பசை இளகிவிடும். ஸ்படிகத்துக்கோ தண்ணீரால் கெடுதல் இல்லை. மூன்றும் சேர்ந்திருக்கும் சிற்பத்தை உலர்ந்த, மென்மையான தூரிகையால் மட்டும் தூசு தட்ட வேண்டும்.

பழைய பொருள் எதைப் பார்த்தாலும், துடைக்கத் துணியை எடுக்கும் முன் "இது எதனால் ஆனது?" என்று கேளுங்கள். அதைக் காப்பாற்றும் வழி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.