தம்பலகாமத்து ஆகாயத்தில் வெண்பனி

மாரிகாலத்தில் வாடைக்காற்று வங்கக் கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, திருகோணமலைக்கு அருகேயுள்ள தம்பலகாமத்து வயல்வெளிகளின்மேல் இரவும் பகலுமாகக் கொட்டித் தீர்க்கும்போது, வரம்பில் நின்று மேலே பார்க்கும் கமக்காரரிடம், “ஐயா, அங்கே வெண்பனி பெய்துகொண்டிருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், அவர் நகைத்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். ஆயினும் அது மெய்யே. நிலத்திலிருந்து சுமார் 5 கிலோமீற்றர் உயரத்தில் உஷ்ணம் பூச்சியம் பாகைக்கு இறங்கிவிடுகிறது. அந்த எல்லைக்கும் மேலே ஓங்கி நிற்கும் மழைமேகங்களில் நீரானது பனித்துகள்களாகத் திரண்டு விழுந்து, எல்லையைக் கடக்கையில் உருகித் துளியாகி, பெரும்போகத்து நெற்பயிரின்மேல் இறங்குகிறது. கனடாவில் தரைவரை வந்து சேரும் பனி, இங்கே பாதி வழியில் உருமாறிவிடுகிறது.

மேலே நிகழும் இந்தக் காரியங்களைக் கீழேயிருந்தே அறிய விஞ்ஞானிகள் கையாளும் சாதனங்களுள் ஒன்று நுண்ணலைக் கதிர்மானி. ராடார்போல அது அலையை ஏவி எதிரொலிக்குக் காத்திருப்பதில்லை. வாயு மண்டலம் தானாகவே வெளியிடும் மிக மெல்லிய நுண்ணலைக் கிரணங்களை வாங்கி அளப்பதொன்றே அதன் தொழில். நீராவி 22 கிகாஹேட்ஸ் அலைவரிசையை ஒட்டியும், ஒட்சிசன் 60 கிகாஹேட்ஸை ஒட்டியும் இக்கிரணங்களை மிகுதியாக வெளிவிடுகின்றன. 1890களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் பிறப்பித்துக் காட்டிய 5 மில்லிமீற்றர் அலைகள், ஒட்சிசனுக்குரிய இந்த அலைவரிசையிலேயே விழுகின்றன என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. இன்றைய கதிர்மானிக்கு அடிப்படையான அளவு முறையை அமெரிக்கரான ராபர்ட் டிக்கே 1946இல் வெளியிட்டார். நம் அயலில், திருப்பதிக்கு அருகே கடங்கியிலுள்ள தேசிய வாயுமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில், 2011 முதற்கொண்டு இவ்வகை யந்திரத்தால் இடிமழைக்கு முன் ஆகாயத்தில் நேரும் மாற்றங்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

யந்திரம் பிரத்தியட்சமாக அளப்பது சில அலைவரிசைகளில் வந்து சேரும் கிரணத்தின் பலத்தை மாத்திரமே. இன்ன உயரத்தில் இன்ன உஷ்ணம், இவ்வளவு ஈரம் என்று அது தரும் அட்டவணையோ, முன்னர் விட்ட வானிலைப் பலூன்களின் பதிவுகளைக் கொண்டு பழக்கப்பட்ட ஒரு கணிதத்தின் அனுமானம். நிலத்துக்கு அருகே அந்த அனுமானம் ஏறத்தாழ ஒரு பாகைக்குள் நிற்கும். மேலே போகப்போகத் தளரும். ஆனால் வானம் தெளிந்திருக்கும்போது கண்ட திருத்தத்தை, வானம் பொழியும்போதும் நம்பலாமா என்பதுதான் வினா. எந்த வானிலையில் கண்டது என்று கூறாமல் ஒரு கருவியின் திருத்தத்தைக் கூறுவது, என் அபிப்பிராயத்தில், பாதி உண்மையே.

பனி பெய்யும்போது அளவு பிழைத்துப்போகும் என்று எவரும் எளிதில் எண்ணுவர். விஷயம் வேறுவிதமாக இருக்கிறது. உலர்ந்த பனித்துகள் இந்த அலைகளுக்கு ஏறக்குறைய ஸ்படிகம். அதே எடையுள்ள நீர் உறிஞ்சுவதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அது உறிஞ்சுவதில்லை. ஆகவே வானத்தில் பனி இறங்குவதால் 60 கிகாஹேட்ஸ் வரையிலான அளவுகளுக்கு நேரும் பங்கம் அற்பம். சத்துரு இருப்பது யந்திரத்தின் தலைமேல். அதன் சாளரத்தை மூடியிருக்கும் மெல்லிய உறையின்மேல் பனி விழுந்து, உருகி, மயிரிழைத் தடிப்பில் ஒரு நீர்ப்படலமாகப் பரவுகிறது. 30 கிகாஹேட்ஸில் தெளிந்த வானம், பூச்சியத்துக்குக் கீழே 200 பாகையையும் தாண்டிக் குளிர்ந்த பொருளைப்போலத் தோன்றும். அந்தக் குளிர்ந்த காட்சியின் குறுக்கே வெதுவெதுப்பான நீர்ப்படலம் ஒன்று வந்து நின்று தன் கிரணத்தையும் சேர்த்துவிட்டால், யந்திரம் ஆகாயத்தில் இல்லாத நீரையெல்லாம் கணக்கில் எழுதிவிடும். 58 கிகாஹேட்ஸிலோ இந்தக் குழப்பம் மிகக் குறைவு. ஏனெனில் அங்கே யந்திரம் காண்பது பக்கத்திலுள்ள காற்றை மட்டுமே, அந்தக் காற்றும் படலமும் ஏறத்தாழ ஒரே உஷ்ணத்தில் இருக்கின்றன. ஆதலால் நனைந்த யந்திரம் தாழ்ந்த காற்றின் உஷ்ணத்தை ஓரளவு சரியாகச் சொல்லி, உயரத்தைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் தவறிவிடும்.

இந்த நீர்ப்படலத்தைத் தவிர்க்க, நீர் ஒட்டாத உறை பூட்டுகிறார்கள். துளியை விரட்ட ஊதுவிசிறி வைக்கிறார்கள். இவற்றிலும் பயன் மிக்க உபாயம், நேர் உச்சியைப் பாராமல், அடிவானத்திலிருந்து 15 பாகைபோலத் தாழ்வாகப் பக்கவாட்டில் பார்ப்பது. சாளரத்தின் பக்கங்களில் நீர் தங்குவது குறைவு. கனடாவின் விஸ்லர் மலையில் 2010ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களின்போது, ஆறு மணித்தியாலத்துக்கொருமுறை பலூன் விட்டு அதனோடு கதிர்மானியை ஒப்பிட்டபோது, மழை, பனி என்ற பேதமின்றி 10 கிலோமீற்றர் உயரம் வரை இரண்டும் நெருங்கியே சென்றன. 90, 150 கிகாஹேட்ஸ் என்று மேலே போனால் கதை மாறும். அங்கே பனித்துகள் நிலத்திலிருந்து எழும் கிரணத்தைச் சிதறடித்துக் கீழே திருப்புவதால், வானம் உள்ளதைவிட வெம்மையாகத் தோன்றுகிறது. ஜெர்மனியின் சுக்ஸ்பிட்சே மலையில் அந்தக் குறையையே குணமாக்கி, பனியை ஆராய்வதற்குப் பயன்படுத்தினார்கள்.

சாய்வாகப் பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. தம்பலகாமத்தில், கோணநாயகர் கோயிலுக்கு அருகே ஒரு கதிர்மானியை நிறுத்தி, அதைக் கிழக்கே 15 பாகையில் நோக்கச் செய்தோமென்று வைத்துக்கொள்வோம். பனி உருகும் 5 கிலோமீற்றர் உயரத்தை அதன் பார்வை எட்டுவதற்குள் கிடையாக ஏறத்தாழ 19 கிலோமீற்றர் போய்விடும்; அதாவது வயல்களையும் குடாவையும் தாண்டித் திருகோணமலைத் துறைமுகத்தின் ஆகாயத்தை அடைந்துவிடும். வழியில் அது கடக்கும் காற்றும் நேர் உச்சியைவிட நான்கு மடங்கு. அகன்று படர்ந்த மாரிமழையில் இவ்விரு ஊர்களின் வானமும் ஒன்றே எனக் கொள்வதால் பெரிய தோஷமில்லை. சித்திரையின் பிற்பகல்களில் இங்கே இடித்துப் பெய்து அங்கே வெயிலடிக்கும்போது, யந்திரம் கூறும் அளவு தம்பலகாமத்துக்கு உரியதும் ஆகாது, திருகோணமலைக்கு உரியதும் ஆகாது.