வைஸ்ராயின் சம்பளமும் வகுப்பறைக் கணக்கும்

உப்புச் சத்தியாக்கிரகப் பாடம் வழக்கமாகத் தண்டி யாத்திரையில்தான் தொடங்கும். அதற்குப் பத்து நாள் முன்னதாக, 1930 மார்ச் 2 அன்று, வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தி ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் தொடங்கினால் வகுப்பே வேறு மாதிரி நடக்கும்.

அதில் ஒரு கணக்கு வருகிறது. வைஸ்ராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல், நாளுக்கு 700. இந்தியரின் சராசரி வருமானமோ நாளுக்கு 2 அணாகூட இல்லை. வைஸ்ராய் பெறுவது இதைப்போல் 5,000 மடங்குக்கும் அதிகம் என்கிறார் காந்தி. அன்று ஒரு ரூபாய்க்கு 16 அணா என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதியை மாணவர்களிடமே விட்டுவிடலாம். 700 ரூபாய்க்கு 11,200 அணா. இரண்டால் வகுத்தால் 5,600. பிரிட்டிஷ் பிரதமர் தம் நாட்டுச் சராசரியைப்போல் 90 மடங்குதான் பெறுகிறார் என்ற ஒப்பீடும் அங்கேயே இருக்கிறது. கடிதம் சாடும் நிலவரியும் உப்பு வரியும் ஏழையை எப்படி நசுக்கின என்பது, ஆசிரியர் விளக்கும் முன்பே பிள்ளைகளுக்குப் பிடிபடத் தொடங்கும்.

ஆனால் இது வாதாட எழுதிய கடிதம். இந்த எண்களை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? சராசரி வருமானத்தை வேறு எந்த ஆவணத்தில் சரிபார்ப்பது? வைஸ்ராய்க்கு எழுதியது மார்ச் 12 ‘யங் இந்தியா’ இதழிலும் அச்சானதே, அப்படியானால் அவர் மனதில் இருந்த வாசகர் யார்? காந்தியைப் போற்றும் ஆசிரியரும் இவற்றைக் கேட்டே ஆகவேண்டும். அதனால் காந்தியின் மதிப்பு குறைந்துவிடாது.

கடிதத்தைக் கொண்டுபோனவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். ஓர் ஆங்கிலேயர் கையில் காந்தி ஏன் கொடுத்தனுப்பினார் என்று கேட்டால் வகுப்பில் நல்ல விவாதம் எழும்.

இர்வின் நேரடியாகப் பதில் எழுதவில்லை. சட்டத்தை மீறி, பொது அமைதிக்கு ஆபத்து விளைவிக்கும் வழியில் காந்தி இறங்குவதற்கு வருந்துவதாக, வைஸ்ராயின் செயலாளரிடமிருந்து சில வரிகள் வந்தன. இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். நீண்ட மனுவுக்கு இவ்வளவு சிறிய பதில். அதில் சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மார்ச் 12 அன்று 78 பேருடன் காந்தி சபர்மதியிலிருந்து நடக்கத் தொடங்கினார்.

அடுத்த வகுப்புக்கு 1931 மார்ச் 5 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தைக் கொண்டுவரலாம். உப்புச் சட்டம் நீங்கவில்லை. உப்பு கிடைக்கும் ஊர்க்காரர்கள் வீட்டுத் தேவைக்கும் ஊருக்குள் விற்கவும் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. கடிதத்தில் சொன்ன குறைகளில் எவை இந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்றன, எவை விடுபட்டன என்று மாணவர்களே பென்சிலால் குறிக்கட்டும்.