ஓடுது சரி, உள்ளே எடுக்கலாமா? ஒரு டிஸ்ப்ளே டிரைவரை ரிவ்யூ செய்வது எப்படி

ஓசூர் சிப்காட்டில் இன்-பிளான்ட் டிரெய்னிங் போனவங்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். புது பார்ட் ஓட்டும்போது முதல் பீஸை எடுத்து குவாலிட்டி ஆளிடம் கொடுப்பார்கள். அவர் கோ–நோகோ கேஜ் விட்டுப் பார்ப்பார், டிராயிங்கோடு ஒப்பிடுவார். அவர் ஓகே சொன்ன பிறகுதான் லாட் ஓடும். மெஷினில் நிற்பவர் இருபது வருஷ அனுபவசாலியாக இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு புது டிரைவர் வரும்போதும் கிட்டத்தட்ட இதுதான் நடக்குது. அங்கே அதற்குப் பேர் கோட் ரிவ்யூ.

இது நமக்கு எதுக்கு என்று கேட்டால், நம்ம ஊரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் 7 அங்குல டச்ஸ்கிரீனைப் பாருங்க. அதில் ஓடுவது ஆண்ட்ராய்டு, அதற்கும் அடியில் லினக்ஸ் கெர்னல். வேகம், பேட்டரி, மேப் எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஒரு டிஸ்ப்ளே டிரைவர் வேலை செய்தாகணும். முள் மீட்டர் இருந்த இடத்தில் இப்போ ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கு. அதன் கோடைச் சரிபார்க்கத் தெரிந்த ஆளுக்கு ஓசூரிலும் வேலை உண்டு, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியிலும் உண்டு.

முதலில், டிரைவர் என்ன செய்யுது?

லினக்ஸில் கிராபிக்ஸைக் கவனிக்கும் பகுதிக்கு டைரக்ட் ரெண்டரிங் மேனேஜர், சுருக்கமாக டிஆர்எம், என்று பேர். படத்தை வரைவது ஒரு வேலை, வரைந்ததைத் திரைக்கு அனுப்புவது இன்னொரு வேலை. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. மெமரியில் இருக்கும் படம் ஃபிரேம்பஃபர். அதைத் திரையில் எந்த இடத்தில் வைக்கணும் என்பதை பிளேன் சொல்லும். பிளேன்களை ஒன்றாகச் சேர்த்து, சரியான நேரக்கணக்கில் பிக்சல் பிக்சலாக வெளியே தள்ளுவது சிஆர்டிசி. அதை எச்டிஎம்ஐ மாதிரியான சிக்னலாக மாற்றுவது என்கோடர். வெளியே கேபிள் செருகும் இடம் கனெக்டர். புது டிரைவர் எழுதுபவர் தன் சிப்பை இந்தச் சங்கிலிக்குள் பொருத்தணும். அது ஒழுங்காகப் பொருந்தியிருக்கா என்று பார்ப்பது ரிவ்யூ செய்பவரின் வேலை.

ஸ்பேஸ், டேப், வரி நீளம் மாதிரி விஷயங்களுக்கு 'செக்பேட்ச்' என்ற ஸ்கிரிப்ட் இருக்கு. அது கேஜ் மாதிரி, அளவை மட்டும்தான் சொல்லும். இந்தப் பார்ட் வண்டியில் தாங்குமா என்று கேஜுக்குத் தெரியாது. அதற்கு மனுஷன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கு.

ஒன்று: கணக்கு டேலி ஆகுதா?

1920×1080 திரையை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கணும் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் பிக்சலோடு, ஒவ்வொரு வரி முடிவிலும் ஒவ்வொரு ஃபிரேம் முடிவிலும் ஒரு இடைவெளி வரும். வழக்கமான எச்டி கணக்கில் அதையும் சேர்த்தால் 2200×1125. இதை 60-ஆல் பெருக்கினால் 14,85,00,000, அதாவது 148.5 மெகாஹெர்ட்ஸ். டிரைவரில் பிக்சல் கிளாக் வேறு மாதிரி எழுதியிருந்தால், ஏன் என்று கேட்கலாம். இதற்கு போர்டு வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

இரண்டு: பாதியில் நின்றால் என்ன ஆகும்?

டிரைவர் முதலில் பவரை ஆன் பண்ணுது, பிறகு கிளாக்கை ஆன் பண்ணுது, மூன்றாவதாகப் பேனலுக்குக் கமாண்ட் அனுப்புது. மூன்றாவது தோற்றால்? பல கோடுகள் அங்கேயே எர்ரரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். ஆன் பண்ணின கிளாக்கும் பவரும் அப்படியே ஓடிட்டிருக்கும். மேசையில் வைத்து டெஸ்ட் செய்தால் இது மாட்டாது, ஏன்னா அங்கே மூன்றாவது படி தோற்பதே இல்லை. பேட்டரி வண்டியில்தான் வலி தெரியும். அதனால் ரிவ்யூ செய்யும்போது வெற்றிப் பாதையை விட தோல்விப் பாதையை மெதுவாகப் படிக்கணும். போட்ட வரிசைக்குத் தலைகீழாக எல்லாவற்றையும் அணைத்திருக்காங்களா என்று விரல் வைத்து எண்ணணும்.

மூன்று: கேபிளைப் பிடுங்கினால்?

யுஎஸ்பி டிஸ்ப்ளே ஒன்றைப் பாதியில் பிடுங்கிட்டீங்க. ஹார்டுவேர் போயிடுச்சு, ஆனால் டெஸ்க்டாப் புரோகிராம் இன்னும் அந்த டிவைஸைத் திறந்தே வைத்திருக்கு. ஹார்டுவேர் போன உடனே டிரைவர் தன் மெமரியை எல்லாம் விடுவித்திருந்தால், பிறகு அந்த புரோகிராம் மூடும்போது இல்லாத மெமரியைத் தொடும். விளைவு கிராஷ், சில சமயம் பாதுகாப்பு ஓட்டையும்கூட. கடைசி ஆள் வெளியேறும் வரை மெமரியைப் பிடித்து வைக்க டிஆர்எம்-மிலேயே வசதி இருக்கு. புது டிரைவர் அதைப் பயன்படுத்துதா என்று பார்க்கணும்.

நான்கு: யூசருக்கு என்ன வாக்கு கொடுக்குது?

டிரைவர் ஒரு புது இன்டர்ஃபேஸைத் திறந்து, அதை நம்பி ஒரு ஆப் ஓட ஆரம்பித்துவிட்டால், பிறகு அதை மாற்றி அந்த ஆப்பை உடைக்கக் கூடாது என்பது கெர்னலின் பழைய விதி. அதனால் டிஆர்எம்-மில் ஒரு கண்டிப்பு உண்டு: புது இன்டர்ஃபேஸ் வேணும்னா, அதைப் பயன்படுத்தும் ஓபன் சோர்ஸ் புரோகிராமும் கூடவே தயாராக இருக்கணும். வெறும் ஸ்பெக் ஷீட்டைக் காட்டி உள்ளே வர முடியாது.

வேலை செய்த கோடுக்கே 'முடியாது'

இதற்குப் பெரிய உதாரணம் ஏஎம்டி. 2016 பிப்ரவரியில் அவர்கள் 'டால்' என்ற புது டிஸ்ப்ளே கோடை ரிவ்யூவுக்கு வைத்தார்கள். 90,000 வரிகளுக்கும் மேல். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவான கோடு, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு. கோடு ஓடத்தான் செய்தது. ஆனாலும் 2016 டிசம்பரில், டிஆர்எம்-மின் மெயின்டெயினர் டேவ் ஏர்லி, இந்த நிலையில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவருடைய கவலை பக் பற்றியது அல்ல. கெர்னலின் பொதுப் பகுதியை ஒருவர் மாற்றும்போது, அதைச் சார்ந்த எல்லா டிரைவரையும் அவர் திருத்த வேண்டியிருக்கும். அந்த நடு அடுக்கு இருந்தால், ஏஎம்டி ஆட்களைத் தவிர யாருக்கும் அந்தக் கோடு புரியாது. கம்பெனி நாளைக்குத் திட்டத்தை மாற்றினால் அதைச் சுமப்பது மற்றவங்க.

இந்த மறுப்புக்கு விலையும் இருந்தது. 2017-இல் வந்த வேகா கார்டுகளுக்கு இந்தக் கோடு இல்லாமல் திரையே வராது. வாங்கினவங்க தனியாக பேட்ச் தேட வேண்டியதாயிற்று. ஏஎம்டி எஞ்சினியர்கள் கோடைக் கழித்து, திருத்தி, கெர்னலின் பொது முறைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். மிச்ச வேலைகளை ஒரு பட்டியலாக எழுதிக் கூடவே வைத்தார்கள். 2018 ஜனவரியில் வெளியான 4.15 கெர்னலில் அது 'டிசி' என்ற பேரில் இடம்பிடித்தது. 'இன்னைக்கு ஓடுதா' என்பதோடு, 'எழுதினவர் போன பிறகு யார் பார்த்துக்கொள்வது' என்பதும் ரிவ்யூவின் கேள்வி என்று அந்த இரண்டு வருஷம் காட்டியது.

நாம எங்கே ஆரம்பிப்பது?

கெர்னல் சோர்ஸில், டிஆர்எம் ஃபோல்டருக்குள் 'டைனி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கு. அதில் ஐஎல்ஐ9341 டிரைவரைத் திறங்க. நம்ம மினி புராஜெக்ட்டில் ஆர்டுயினோவோடு சேர்த்த அதே 240×320 கலர் டிஸ்ப்ளே சிப்தான். சில நூறு வரிகளே. டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்து, மேலே சொன்ன கேள்விகளை வரிவரியாகக் கேட்டுப் பாருங்க.

அடுத்து, ஹார்டுவேரே வேண்டாத 'விகேஎம்எஸ்'. இல்லாத திரையை இருப்பதுபோல் காட்டும் டிரைவர் இது. 2018-இல் அவுட்ரீச்சி, கூகுள் சம்மர் ஆஃப் கோட் வழியாக வந்த புதியவர்கள் இருவர் வளர்த்தெடுத்து, 4.19 கெர்னலில் சேர்ந்தது. விர்ச்சுவல் மெஷினில் இதை ஏற்றி, 'ஐஜிடி' டெஸ்ட்களை ஓட்டலாம். ஹாஸ்டல் லேப்டாப்பே போதும்.

அதன் பிறகு புது பேட்ச் ஒன்றைப் படித்து, புரியாத இடத்தில் கேள்வி கேளுங்க. "இந்த எர்ரர் வந்தால் கிளாக்கை யார் அணைக்கிறாங்க?" என்ற ஒரே வரிகூட உருப்படியான ரிவ்யூதான். ஒரு பேட்ச்சுக்குக் கீழே 'ரிவ்யூட்-பை' என்று நம்ம பேரைப் போட்டால், நான் படித்தேன், கண்ட குறைகளைச் சொன்னேன், இது கெர்னலுக்குள் போகத் தகுதியானது என்று நம்புகிறேன் என்று பொருள். ஓட்டிப் பார்த்தவர் போடுவது 'டெஸ்டட்-பை'. ஓட்டாமல் அதைப் போடக் கூடாது, படிக்காமல் இதைப் போடக் கூடாது. பீஸை அளக்காமல் இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் கையெழுத்து போடுவதும் இதுவும் ஒன்றுதான்.